கடலோரத்தில் மின்சாதனங்களைக் காப்பது: மிகை மின்னழுத்தம், மிகைச் சுமை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டு வயரிங், பம்ப் செட், ஐஸ் பிளாண்ட், படகு என்று மின்சாரம் போகும் இடமெல்லாம் வேலை பார்த்து வருகிறேன். போகிற வீடுகளில் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப எழுவதால் அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தப் பாதுகாப்புக் கருவியை வாங்குவது என்றுதான் பெரும்பாலானோர் முதலில் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு கருவியும் ஒரு வகைக் கேட்டை மட்டுமே தடுக்கிறது. அவை எல்லாம் நம்பி நிற்பது, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல், கசிவைத் தரைக்கு இறக்கும் எர்த் ஆகிய இணைப்புகளை. இந்தக் கரையில் உப்பு முதலில் தின்பதும் அந்த இணைப்புகளைத்தான். ஆகவே கீழே உள்ள பல விடைகள் கடைசியில் ஒரு திருகாணிக்கும் அதன் அடியில் இருக்கும் கம்பிக்கும் வந்து சேரும்.

மின்னழுத்தம் கூடுவதும் சுமை கூடுவதும் ஒன்றுதானா?

இரண்டும் வேறு. நம் வீடுகளுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். அது மிகையாக ஏறும்போது சாதனத்தின் உள்ளே இருக்கும் காப்புப் பூச்சும் மின்னணு உறுப்புகளும் தாங்காமல் உடைகின்றன. சுமை கூடும்போது அழுத்தம் சரியாகவே இருக்கலாம். கம்பியோ மோட்டார் சுருளோ தாங்கக்கூடியதைவிட அதிக மின்னோட்டம் ஓடி, வெப்பத்தால் கெடுகிறது. இந்த வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது: ஓட்டம் ஒன்றரை மடங்கானால் வெப்பம் இரண்டேகால் மடங்கு, இரு மடங்கானால் நான்கு மடங்கு. சுருளின் வெப்பநிலை அதன் வரம்புக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் காப்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது மோட்டார்த் தொழிலில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு.

மிகை மின்னழுத்தத்திலும் இரண்டு வகை உண்டு. மின்னலாலோ பெரிய சுமைகள் திடீரென விடுபடுவதாலோ வரும் சர்ஜ் மைக்ரோ நொடிக் கணக்கில் வந்து மறைந்துவிடும்; ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எட்டும். நியூட்ரல் அறுந்து வரும் அழுத்தம் 300, 350 வோல்ட் என்ற அளவில் இருந்தாலும் நிமிடக் கணக்கில், சில நேரம் மணிக்கணக்கில் நிலைத்து நிற்கும். முதலாவதைத் தடுக்கும் கருவி இரண்டாவதைத் தடுக்காது. இந்த வேறுபாட்டை அறியாமல் பணம் செலவழித்து ஏமாந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

மதுரையில் பத்து ஆண்டு ஓடும் சாதனம் பாம்பனில் மூன்று ஆண்டில் ஏன் போகிறது?

ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை என்று இரு புறமும் கடல் இருப்பதால், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு வந்துகொண்டேதான் இருக்கும். உப்பு உலர்ந்து கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். அப்போது அது மின்சாரம் கடத்தும் படலமாகிறது. நண்பகலில் சோதித்தால் ஒரு குறையும் தெரியாத சுவிட்ச் போர்டு, விடியற்காலையில் தொட்டால் சுருக்கென்று இழுப்பதன் காரணம் இதுதான். பனி இறங்கும் நேரத்தில் மின்கம்பத்துப் பீங்கான்களில் சுர்ரென்ற ஒலியும் நீலப் பொறியும் தெரிவதும் இதே காரணத்தால்தான். பெருமழை உப்பைக் கழுவிவிடும். சிறு தூறல் அதை நனைத்துவிட்டுப் போகும் என்பதால் தூறல் நாட்களில்தான் பழுது அதிகம்.

இதனுடன் இந்த மண்ணுக்கே உரிய வேறு காரணங்களும் சேர்கின்றன. பனை மட்டை காற்றில் முறிந்து கம்பிகளுக்குக் குறுக்கே விழுகிறது. சீமைக் கருவேலம் கம்பிவரை வளர்ந்து நிற்கிறது. ஊர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வீட்டுக்கு நீண்ட தொலைவு கம்பி இழுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி வீட்டில்தான் மாலையில் அழுத்தம் 180-க்கு இறங்குவதும், ஊரே விளக்கணைத்த பின்னிரவில் ஏறுவதும் நிகழ்கின்றன.

திடீரென்று விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டன. என்ன நடந்தது?

பெரும்பாலும் நியூட்ரல் கட் ஆகியிருக்கும். தெருவில் மின்சாரம் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் ஓடுகின்றன. ஒரு வீடு ஒரு பேஸிலும் அடுத்த வீடு வேறொரு பேஸிலும் இருக்கலாம். எந்தப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். ஒரு பேஸுக்கும் மற்றொரு பேஸுக்கும் இடையே ஏறக்குறைய 400 வோல்ட். நியூட்ரல் அறுந்தவுடன் வெவ்வேறு பேஸில் இருக்கும் இரண்டு வீடுகளும் அந்த 400 வோல்ட்டுக்கு நடுவில் வரிசையாக மாட்டிக்கொள்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. அதன் மின்தடை சுமார் 53 ஓம். இரண்டாவது வீட்டில் 100 வாட் அளவுக்கு விளக்கும் டி.வி.யும் மட்டும் ஓடுகின்றன. அவற்றின் தடை சுமார் 529 ஓம். 400 வோல்ட் இந்தத் தடைகளின் விகிதத்தில் பிரிவதால் இஸ்திரிப் பெட்டி இருக்கும் வீட்டுக்கு 36 வோல்ட்டும், டி.வி. மட்டும் ஓடும் வீட்டுக்கு 364 வோல்ட்டும் போகும். அதாவது குறைவாகச் செலவழித்தவரின் வீட்டில்தான் சாதனம் எரிகிறது. "நான் ஒரு லைட்டுதானே போட்டிருந்தேன்" என்று மனம் வெதும்பிக் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் இப்படி எல்லாம் எரிந்த பிறகு மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தெருவிலிருந்து வரும் அலுமினிய நியூட்ரல் கம்பியும் வீட்டின் செம்புக் கம்பியும் நேரடியாக முறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. செம்பின்மேல் பச்சைக் களிம்பு கனமாக ஏறியிருந்தது. அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்ந்து, விரலால் தொட்டதும் முறுக்கு பிரிந்து கையோடு வந்துவிட்டது. உப்பு நீர் நடுவில் இருக்க இந்த இரண்டு உலோகங்களும் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டே தீரும். அந்த இடத்தில் இரு உலோக லக் (ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமாக உள்ள இணைப்பான்) போட்டு, மேலே கிரீஸ் தடவி, இறுக்கி மூடியிருந்தால் ஒரு ஃபிரிட்ஜும் ஒரு டி.வி.யும் பிழைத்திருக்கும்.

நியூட்ரல் கெடப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

அறியலாம். கிரைண்டர் போட்டவுடன் மற்ற விளக்குகள் மங்குவதற்குப் பதிலாகப் பிரகாசமாவது, மின்விசிறி தானாக வேகம் ஏறி இறங்குவது, காற்று பலமாக அடிக்கும்போது மட்டும் விளக்கு துடிப்பது, மீட்டர் பெட்டி அருகே வெதுவெதுப்பும் கருகிய மணமும் இருப்பது ஆகியவை தெளிவான அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மெயின் சுவிட்சை உடனே இறக்கிவிட வேண்டும். மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்கள் வயர்மேன் பார்க்கலாம். கம்பத்தின் பக்கம் மின்வாரியப் பணியாளர் மட்டுமே ஏற வேண்டும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் எந்நேரமும் புகார் பதியலாம். "நியூட்ரல் போயிருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது" என்றே சொல்லுங்கள்; "கரண்ட் சரியில்லை" என்று சொன்னால் அவசரம் புரியாது.

நிலையான காப்பு வேண்டுமானால் மெயினுக்கு அடுத்ததாக மிகை, குறை அழுத்தத் துண்டிப்புக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். அழுத்தம் வைத்த வரம்புக்கு வெளியே போனால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வீட்டைத் துண்டித்து, அழுத்தம் சீரான பிறகு சில நிமிடம் பொறுத்துத் தானாகச் சேர்க்கும். மேல் வரம்பை 260–270 வோல்ட்டிலும் கீழ் வரம்பை 170–180 வோல்ட்டிலும் நான் வைப்பது வழக்கம். இந்தக் கரையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது, ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி) ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அடுத்து இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வீட்டில் டிரிப்பர் இருக்கிறதே, அது இவற்றைத் தடுக்காதா?

டிரிப்பர் என்று நாம் சொல்லும் எம்.சி.பி. மின்னோட்டத்தை மட்டுமே பார்க்கிறது. அழுத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 364 வோல்ட் வந்து டி.வி. எரியும்போதும் ஓடும் ஆம்பியர் குறைவாக இருந்தால் அது அசையாது.

சுமை விஷயத்திலும் அதன் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இரண்டு பொறிகள் உள்ளன: மெல்லச் சூடேறி வளையும் இரு உலோகப் பட்டை ஒன்று, ஷார்ட் ஆனால் உடனே இழுக்கும் காந்தச் சுருள் ஒன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 18 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரமானாலும் அது விழ வேண்டியதில்லை, 23.2 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இதுவே அதன் தர விதி. காந்தப் பொறியோ 'பி' வகையில் மூன்று முதல் ஐந்து மடங்கிலும், 'சி' வகையில் ஐந்து முதல் பத்து மடங்கிலும், 'டி' வகையில் பத்து முதல் இருபது மடங்கிலும் இயங்கும். விளக்கு, ஹீட்டர் போன்றவற்றுக்குப் 'பி', மோட்டாரும் ஏ.சி.யும் இருக்கும் சர்க்யூட்டுக்குச் 'சி' என்று வைத்துக்கொள்ளலாம்.

எம்.சி.பி. காணாத மற்றொரு கேடு தளர்ந்த இணைப்பு. 8 ஆம்பியர் மட்டுமே ஓடும் இடத்தில் களிம்பேறிய திருகாணியின் அடியில் தடை கூடி, அந்தப் புள்ளி மட்டும் தணலாகச் சிவக்கலாம். மொத்த ஓட்டம் வரம்புக்குள் இருப்பதால் எம்.சி.பி.யைப் பொறுத்தவரை எல்லாம் நலமே. ஆண்டுக்கு இருமுறை, வாடை தொடங்குமுன் ஒரு முறையும் கச்சான் காலம் முடிந்து ஒரு முறையும், மெயினை இறக்கி, சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்து, எம்.சி.பி.கள் வரிசையாக இருக்கும் டி.பி. பெட்டியின் எல்லாத் திருகாணிகளையும் வயர்மேனை விட்டு இறுக்கிப் பார்ப்பது இதற்காகத்தான்.

டிரிப்பர் அடிக்கடி விழுகிறது. பெரியதாக மாற்றிவிடலாமா?

கூடாது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் போகும் கம்பியை. வழக்கமான வீட்டு வயரிங்கில் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25 ஆம்பியர் என்று பொருத்துகிறோம். 1.5 கம்பிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் அது விழாது. சுவருக்குள் கம்பி உருகும். அடிக்கடி விழுந்தால் அந்தச் சர்க்யூட்டில் எதெல்லாம் ஓடுகிறது என்று கூட்டிப் பாருங்கள்: 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, 750 வாட் மிக்ஸி மூன்றும் சேர்ந்தால் 3750 வாட், அதாவது 16 ஆம்பியருக்கு மேல். தனிக் கம்பி இழுத்துச் சுமையைப் பிரிப்பதே வழி.

இன்னும் ஃபியூஸ் கட்டைதான் இருக்கிறது. அதற்கு எந்தக் கம்பி?

5 ஆம்பியருக்கு ஏறக்குறைய 0.2 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. தடிமனுள்ள ஈயம் பூசிய செம்புக் கம்பி என்று கேட்டு வாங்குங்கள். வயர்த் துண்டிலிருந்து நாலு இழை உருவி முறுக்கிப் போடுவது பழக்கமாகிவிட்டது. அதற்கு எத்தனை ஆம்பியரில் உருகும் என்ற கணக்கே கிடையாது. கட்டை ஃபியூஸ் அதன் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடினால்தான் உருகும். முடிந்தபோது எம்.சி.பி.க்கு மாறிவிடுங்கள்.

ஸ்டெபிலைசர் இருந்தால் போதாதா?

அது மெல்ல ஏறி இறங்கும் அழுத்தத்தைச் சீராக்குகிறது. ரிலே மாறுவதற்கே மில்லி நொடிகள் ஆகும் என்பதால் மைக்ரோ நொடியில் வரும் மின்னல் அதிர்ச்சியை அதனால் தடுக்க முடியாது. மிகை அழுத்தத்தில் துண்டிக்கும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் உள்ளதில் சுமார் மூன்று நிமிடத் தாமத வசதியும் இருக்க வேண்டும். கம்ப்ரஸருக்குள் வாயு அழுத்தம் சமனாவதற்குள் மின்சாரம் திரும்ப வந்தால் மோட்டார் சுழல முடியாமல் நின்றபடியே பெருமின்னோட்டத்தை இழுக்கும்.

எஸ்.பி.டி. என்று ஒன்று பொருத்தச் சொல்கிறார்கள். அது என்ன செய்கிறது?

சர்ஜ் வரும்போது அதை எர்த்துக்கு வழிமாற்றிவிடும் கருவி அது. அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடால் ஆன வேரிஸ்டர் வில்லை. சாதாரண அழுத்தத்தில் அது மின்சாரத்தை ஏறக்குறைய கடத்துவதே இல்லை. அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டியதும் சட்டென்று வழிவிட்டு, சர்ஜ் போனதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நேரடி மின்னலை எதிர்பார்க்கும் இடங்களுக்கு முதல் வகை, வீட்டு டி.பி. பெட்டிக்கு இரண்டாம் வகை, சாதனத்தின் அருகில் வைப்பதற்கு மூன்றாம் வகை என்று பிரித்திருக்கிறார்கள். மேல்நிலைக் கம்பியில் இணைப்பு வாங்கும் வீட்டுக்கு டி.பி.யில் இரண்டாம் வகை வைப்பது பொருத்தம். கூரையில் இடிதாங்கி இருந்தால் முதல் வகையும் சேர வேண்டும்.

இதைப் பொருத்துவதில் ஒரு பிழையை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். கருவியை விலை கொடுத்து வாங்கிவிட்டு, அதற்குப் போகும் கம்பியை அழகாக வளைத்து இரண்டு மீட்டருக்கு ஓட்டியிருப்பார்கள். நேரான கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டலைக் கொண்டது. சர்ஜின் மின்னோட்டம் ஒரு மைக்ரோ நொடியில் 1000 ஆம்பியர் ஏறினால் ஒவ்வொரு மீட்டர் கம்பியிலும் 1000 வோல்ட் கூடுதலாக எழும். இரண்டு மீட்டருக்கு 2000 வோல்ட். அத்தனையும் எஸ்.பி.டி. கட்டுப்படுத்திய அழுத்தத்தின் மேல் சேர்ந்து உங்கள் சாதனத்துக்குத்தான் போகும். பேஸிலிருந்து எஸ்.பி.டி.க்கும், எஸ்.பி.டி.யிலிருந்து எர்த் பட்டைக்கும் ஆகும் கம்பி மொத்தமாக அரை மீட்டரைத் தாண்டக் கூடாது, வளைவும் இருக்கக் கூடாது.

வேரிஸ்டர் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேய்கிறது. சன்னல் போன்ற அடையாளம் பச்சையிலிருந்து சிவப்பானால் அந்த வில்லையை மாற்ற வேண்டும். நியூட்ரல் அறுந்து 350 வோல்ட் நிலைத்து நின்றாலோ, அது தொடர்ந்து கடத்திக் கடத்தித் தானே எரிந்துபோகும். மலிவான எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைப் பிரித்தபோது, உள்ளே இருந்த நீல வில்லை கருத்து உப்பி, பிளாஸ்டிக்கையும் உருக்கியிருந்தது. எனவே இங்கே 275 வோல்ட் அளவுள்ளதைவிட 320 வோல்ட் அளவுள்ளதை எடுப்பது நல்லது. அதற்கு முன்னால் தனி எம்.சி.பி. அல்லது ஃபியூஸ் இருக்க வேண்டும். முன்சொன்ன அழுத்தத் துண்டிப்புக் கருவியும் உடன் இருந்தால்தான் இரு வகைக் கேட்டுக்கும் காப்பு முழுமையாகும்.

வீட்டு மேல் இடிதாங்கி இருக்கிறது. பிறகென்ன கவலை?

இடிதாங்கி கட்டடத்தைக் காக்கிறது. நேரடி மின்னலைத் தரைக்கு இறக்கும் அந்த வேளையில் சுற்றியுள்ள கம்பிகளில் எல்லாம் அழுத்தம் எழும். தெருக் கம்பி வழியாகவும், டிஷ் ஆன்டெனா கேபிள் வழியாகவும், இணையக் கம்பி வழியாகவும் அது உள்ளே வரும். டி.வி.யின் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு டிஷ் கேபிளை விட்டுவிட்டதால் செட்டாப் பாக்ஸ் போன வீடுகள் ஏராளம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கூடும்போதே இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்குமேல் வந்த பிறகு கழற்றப் போவது ஆளுக்கு ஆபத்து.

இது மணற்பாங்கான இடம். எர்த் சரியாக நிற்குமா?

உலர்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதே மணலுக்குக் கீழே இருக்கும் உவர் நீர் நன்றாகக் கடத்தும். ஆகவே ஆழம்தான் முக்கியம். மழைக்காலத்தில் சோதித்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டால், பங்குனி சித்திரையில் மேல்மணல் காய்ந்ததும் தடை பல மடங்கு ஏறிவிடும். எர்த் மெகர் (எர்த் தடையை அளக்கும் கருவி) வைத்து அளப்பதாக இருந்தால் கோடையில் அளந்து பாருங்கள். கோடையிலும் ஈரம் விடாத அடுக்குவரை கம்பியை இறக்க வேண்டும்.

எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டுவது உள்நாட்டு வழக்கம். உவர் மண்ணில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. மேலும் கொட்டினால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்தான் விரைவில் அரிக்கும். மேலே பளபளவென்று இருக்கும் குழாய், ஒரு முழம் தோண்டினால் தாளாக மெலிந்திருப்பதைப் பார்க்கலாம். செம்பு உறையிட்ட கம்பியும், நிரப்புவதற்குப் பென்டோனைட் களிமண்ணும் இங்கே நீடித்து உழைக்கின்றன. கம்பியோடு சேரும் கிளாம்பைத் தரைக்கு மேல், திறந்து பார்க்கும்படி வைத்துக் கிரீஸ் பூசிவிடுங்கள்.

எர்த் நன்றாக இருந்தால் ஆர்.சி.சி.பி. எதற்கு?

எர்த் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதி வீடுகளுக்கு அது நல்ல அளவே. ஃபிரிட்ஜின் உடலில் பேஸ் ஒட்டிவிட்டால் எர்த் வழியாக அதிகபட்சம் 23 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் குறைந்தது 80 ஆம்பியர் வேண்டும். ஆக, எம்.சி.பி. விழாமல் ஃபிரிட்ஜின் உடலில் உயிர்கொல்லும் அழுத்தம் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோ கசிவு ஏற்பட்ட கணத்திலேயே துண்டித்துவிடும். இதை விருப்பமாகக் கருதாதீர்கள். ஈரக் காலோடும் மீன் கழுவிய கையோடும் புழங்கும் வீடுகளில் இது இன்றி மின்சாரம் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பனிக்காலக் காலைகளில் அது காரணமின்றி விழுவதாகச் சொல்லிக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். காரணம் உண்டு: உப்புப் படலம் வழியே உண்மையிலேயே கசிவு இருக்கிறது. வெளிவிளக்கு, மோட்டார், கழிவறை ஹீட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் துண்டித்து எது கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். வெளிச்சுவர்ப் பெட்டிகளைக் கடல் பார்க்காத பக்கமாக மாற்றி, ஐ.பி. 65 தரமுள்ளதாக (தூசியும் நீர்த் தாரையும் புகாதது) போட்டு, கம்பி நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்துவதும் இங்கே தேவை. அழுத்தாமல் விட்ட கருவி உப்பில் இறுகிப்போய், வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். ஆர்.சி.சி.பி. மிகைச் சுமையையும் மிகை அழுத்தத்தையும் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அழுத்தம் குறைந்தால் மோட்டார் ஏன் எரிகிறது? குறைந்தால் நல்லதுதானே?

இறால் பண்ணைக்காரர்களும் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களும் அதிகம் இழப்பது இதில்தான். மோட்டார் இறைக்க வேண்டிய தண்ணீர் குறைவதில்லை. அதே வேலையைச் செய்ய, அழுத்தம் குறைந்த அளவுக்கு மின்னோட்டத்தைக் கூட்டி இழுக்கிறது. அழுத்தம் 20 விழுக்காடு குறைந்தால் ஓட்டம் ஏறக்குறைய 25 விழுக்காடு கூடும். சுருளின் வெப்பம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். முறுக்கு விசையோ அழுத்தத்தின் இருமடியாகக் குறைந்து 64 விழுக்காட்டுக்கு வந்துவிடும். ஆகவே நின்ற நிலையிலிருந்து கிளம்ப முடியாமல், ஆறேழு மடங்கு கிளப்பு மின்னோட்டத்தோடு உறுமிக்கொண்டே நிற்கும். அந்த உறுமல் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மூன்று பேஸ் மோட்டாரில் ஒரு பேஸ் போனால் மீதி இரண்டில் ஓட்டம் ஏறக்குறைய 1.73 மடங்காகும். ஸ்டார்ட்டரில் இருக்கும், மிகைச் சுமையில் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே சரியாக வைக்கப்பட்டிருந்தால் இதையும் பிடித்துவிடும். ஆனால் நள்ளிரவில் ஏரேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் கருவி) நின்றால் இறால் செத்துவிடுமே என்ற பயத்தில் ரிலேயின் ஆம்பியர் அளவைக் குறிக்கும் குமிழை மேலே திருகி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. குளம் முழுவதும் ஒரே இரவில் போவதைக் கண்டவர்களின் பயம் அது. அதற்கு மாற்று, தயார் நிலையில் ஜெனரேட்டரும், ஏரேட்டர் நின்றால் ஒலிக்கும் மணியும். ரிலேயை மோட்டார்த் தகட்டில் அச்சிட்ட ஆம்பியருக்கு வையுங்கள்; 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு அது 7.5 ஆம்பியர் அளவில் இருக்கும். கிளப்பு மின்னோட்டத்தைக் குறைத்து மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே சுருளுக்குப் போகும் வழியில் இருந்தால் தகட்டின் அளவில் 58 விழுக்காடே வைக்க வேண்டும். இதைக் கவனியாமல் முழு அளவு வைத்துவிட்டால் ரிலே இருந்தும் இல்லாததுதான். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் தடுப்பானும் குறை அழுத்தத் துண்டிப்பும் சேர்த்துப் போட ஆகும் செலவு, ஒரு முறை ரீவைண்டிங் செய்யும் கூலியைவிடக் குறைவே.

படகில் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் (ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி) அடிக்கடி போகிறது. அங்கே 12 வோல்ட்தானே இருக்கிறது?

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனையைக் கழற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். டைனமோ தந்துகொண்டிருந்த மின்னோட்டத்துக்குத் திடீரெனப் போக்கிடம் இல்லாமல் போவதால் 12 வோல்ட் அமைப்பிலேயே அழுத்தம் கணநேரம் பல பத்து வோல்ட் எகிறும். பேட்டரி முனையில் களிம்பேறித் தளர்ந்திருந்தால், யாரும் கழற்றாமலே அலையின் ஆட்டத்தில் அதே விளைவு உண்டாகும். முனைகளை வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, வாசலின் பூசுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸும், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஒரு பெரிய ஃபியூஸும் வேண்டும். நேர் மின்சாரத்துக்கென்று (டி.சி.) தரம் குறித்த ஃபியூஸாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானே அணையும், நேர் மின்சாரத்தில் அந்த வாய்ப்பு இல்லை. கம்பி ஈயம் பூசிய செம்பாக இருந்தால் உப்பைத் தாங்கும்.

மழை நீரோ கடல் நீரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டால் மின்சாரத்தை எப்போது போடலாம்?

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய பிறகு பல வாரங்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தேன். நீர் உள்ளே வருமுன்பே மெயினை இறக்குங்கள். வந்த பிறகு, நீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே வேண்டாம், லைன்மேனிடம் சொல்லிக் கம்பத்தில் துண்டிக்கச் செய்யுங்கள்.

நீர் வடிந்த பின், மூழ்கிய எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., எஸ்.பி.டி., பிளக் பாயிண்ட் எதையும் காய வைத்துத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே படிந்த உப்பு போகாது. மோட்டாரையும் மிக்ஸியையும் காப்பாற்ற வாய்ப்புண்டு: கடல் நீர் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, பிரித்து, இரண்டு மூன்று நாள் உலர்த்தி, பிறகு காப்புத் தடையை அளக்கும் மெகரால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மீண்டும் உலர்த்துங்கள். வீட்டு வயரிங்கையும் அதேபோல் சர்க்யூட் சர்க்யூட்டாக அளந்து, எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிய நிலையில் மெயினை ஏற்றி, அழுத்தத்தைப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஃபிரிட்ஜைக் கடைசியாகப் போடுங்கள். ஊருக்கு மின்சாரம் திரும்பிய முதல் அரை மணி நேரம் அழுத்தம் நிலைகொள்ளாமல் ஆடும்.